கேம்பெல்டவுன் விஸ்கி: ஒரு சுவை மரபின் ஏற்றமும் இறக்கமும்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து தெற்கு நோக்கி நீண்டு, அயர்லாந்தை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கிவிடும் கின்டயர் தீபகற்பத்தின் கீழ்க்கோடியில், ஒரு சிறு வளைகுடாவின் ஓரத்தில் கேம்பெல்டவுன் என்னும் ஊர் அமைந்திருக்கிறது. ஹெர்ரிங் மீன்பிடிப்பு, கப்பல் கட்டுதல், நிலக்கரி, விஸ்கி ஆகியவை 19ஆம் நூற்றாண்டில் இவ்வூரை வாழவைத்த தொழில்கள். அவற்றுள் விஸ்கியே ஊரின் பெயரை உலகறியச் செய்தது. ஸ்காட்ச் விஸ்கியைச் சுவைத்து மதிப்பிடுவோர் இன்று ஐலாத் தீவின் புகை, ஸ்பேசைடின் பழமணம், லோலண்டின் மென்மை என்று வட்டாரவாரியாகப் பேசுகின்றனர். இவ்வேறுபாடுகள் மண்ணும் நீரும் தாமே வழங்கிய கொடைகள் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. கேம்பெல்டவுனின் வரலாறு அதற்கு இடங்கொடுக்கவில்லை. கலால் சட்டம், எரிபொருள், போக்குவரத்து, வாங்குவோரின் தேவை ஆகியவை கூடியே ஒரு வட்டாரத்தின் சுவையை உருவாக்குகின்றன என்பதையும், அத்தேவை மாறினால் அச்சுவையே அழிந்துபோகக்கூடும் என்பதையும் இவ்வூரின் கதை வேறெந்த வட்டாரத்தின் கதையையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

மால்ட் விஸ்கியின் அடிப்படை எளியது. பார்லியை நனைத்து முளைக்கவிட்டு, தக்க தருணத்தில் சூடேற்றி உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. அதை அரைத்து வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை ஈஸ்ட் இட்டு நொதிக்கச் செய்து, செம்பு வடிகலத்தில் இருமுறையோ மும்முறையோ காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் முதிரவிடுகின்றனர். மால்ட்டை உலர்த்தும் நெருப்பில் பீட், அதாவது சதுப்பு நிலத்தில் நெடுங்காலமாக மட்கிப் படிந்த தாவரங்களை வெட்டிக் காயவைத்த எரிபொருள், சேர்க்கப்பட்டால் அதன் புகையிலுள்ள ஃபீனால் சேர்மங்கள் தானியத்தில் ஏறி இறுதிவரை நிலைக்கின்றன. கின்டயரில் இத்தொழில் நெடுங்காலம் வீட்டுத் தொழிலாகவும், வரி கடுமையான பின்னர் மறைவுத் தொழிலாகவும் நடந்தது. அவ்வூர்ச் செம்புக் கொல்லர் ராபர்ட் ஆர்மர் 1811 முதல் 1817 வரை எழுதிவைத்த கணக்கேடுகள் இன்றும் இருக்கின்றன. உரிமம் இல்லாத வடிகலங்களையும் அவற்றின் உறுப்புகளையும் யார் யார் என்ன விலைக்கு வாங்கினர் என்று அவை பதிவு செய்கின்றன. வாங்கியோருள் பெண்களும் இருந்தனர். அதிகாரிகளுக்குத் தெரியக்கூடாத ஒரு தொழிலுக்கு இவ்வளவு ஒழுங்கான எழுத்துச் சான்று கிடைத்திருப்பது வரலாற்றாசிரியருக்கு வாய்த்த பெரும் பேறு.

1823ஆம் ஆண்டின் கலால் சட்டம் வரியைப் பாதிக்கும் கீழாகக் குறைத்து, ஆண்டுக்கு 10 பவுண்டு கட்டணத்தில் உரிமம் வழங்க வழிசெய்தபோது, மறைவில் இருந்த திறமை முழுவதும் வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கேம்பெல்டவுனில் வடிசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1828இல் உரிமம் பெற்ற ஸ்பிரிங்பேங்க் அவற்றுள் ஒன்று. அருகிலிருந்த சுரங்கம் நிலக்கரியையும், சுற்றியிருந்த சதுப்பு நிலங்கள் பீட்டையும் தந்தன. துறைமுகத்திலிருந்து நீராவிக் கப்பல்கள் பீப்பாய்களை நேராகக் கிளாஸ்கோ சந்தைக்குக் கொண்டுசேர்த்தன. இச்சூழலில் உருவான விஸ்கி புகை கமழ்வதாகவும், நாவில் எண்ணெய்போலப் படிவதாகவும், கடலோர உப்புச்சாயல் கொண்டதாகவும் அறியப்பட்டது. 1880களில் பிரிட்டனின் வடிசாலைகள் அனைத்தையும் நேரில் கண்டு 1887இல் நூலாக வெளியிட்ட ஆல்ஃபிரட் பார்னார்ட், இந்தச் சிற்றூரில் மட்டும் இயங்கிக்கொண்டிருந்த 21 வடிசாலைகளைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்த வளத்துக்குக் காரணமாக இருந்தோர் குடிப்போர் அல்லர், கலவையாளர்கள். ஈனியஸ் காஃபி 1830இல் காப்புரிமை பெற்ற தொடர் வடிகலம் இடைவிடாமல் இயங்கி, மலிவான, மணம் குறைந்த தானியச் சாராயத்தைப் பெருமளவில் தந்தது. அதனுடன் மால்ட் விஸ்கியைக் கலப்பதற்கு, வரி செலுத்துவதற்கு முன்பே பண்டகசாலையில் கலந்துகொள்ளலாம் என்ற 1860ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. அதன்பின் பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்சரா பூச்சி அழித்து பிராந்திக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கலவை விஸ்கி அந்த இடத்தைப் பிடித்தது. சப்பென்ற தானியச் சாராயத்துக்கு உடலும் மணமும் கொடுக்க அழுத்தமான மால்ட் தேவைப்பட்டது. கேம்பெல்டவுன் அதைக் கொடுத்தது. ஆனால் ஒரு கலவைக்குள் கரைந்துபோகும் சுவைக்குத் தனி அடையாளமோ, அதன் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளரோ இல்லை. ஊரின் பிற்காலத் துன்பங்கள் பலவற்றுக்கும் வேர் இதுவே.

1863இல் ஸ்பே பள்ளத்தாக்கை எட்டிய ரயில் பாதை, மென்மையும் பழமணமும் கொண்ட ஸ்பேசைடு மால்ட்டைத் தெற்கத்திய நகரங்களுக்கு எளிதில் கொண்டுவந்தது. நூற்றாண்டின் இறுதியில் கலவையாளர்களின் நாட்டம் மெல்ல அப்பக்கம் திரும்பியது. 1898இல் பேட்டிசன் என்னும் பெரிய கலவை நிறுவனம் திவாலானபோது தொழில் முழுவதும் குலுங்கியது. அதைத் தொடர்ந்து எது விஸ்கி என்ற வழக்கு லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் எழுந்து, அரச ஆணையம் வரை சென்று, தொடர் வடிகலத்தின் சாராயமும் விஸ்கியே என்று 1909இல் முடிந்தது. மால்ட்டை மட்டுமே நம்பிய சிறு வடிசாலைகளுக்கு அதில் ஆறுதல் எதுவும் இல்லை. பின்னர் உலகப் போர், 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு, உள்நாட்டில் உயர்ந்த வரி, பொருளாதார மந்தம் என்று அடி மேல் அடி விழுந்தது. அவசரத் தேவைக்காகத் தரத்தைக் கைவிட்ட வடிசாலைகள் சில ஊரின் பெயரைக் கெடுத்தன என்ற குற்றச்சாட்டு நெடுநாளாக நிலவுகிறது; ஹெர்ரிங் மீன் வைத்த பீப்பாய்களில் விஸ்கியை நிரப்பினர் என்ற கதையும் உண்டு. அந்தக் கதையைப் போட்டியாளரின் ஏளனம் என்றே கொள்வது பொருந்தும், ஏனெனில் தேவை சுருங்கியதும் அழுத்தமான சுவை முதலில் கைவிடப்பட்டதும் வீழ்ச்சியை விளக்கப் போதுமான காரணங்கள். 1920களில் வடிசாலைகள் வரிசையாக மூடப்பட்டன. 1930களின் நடுவில் ஸ்பிரிங்பேங்கும் கிளென் ஸ்கோஷியாவும் மட்டுமே எஞ்சின.

மூடப்பட்டவற்றுள் ஒன்றான ஹேசல்பர்னின் அறிவு மட்டும் வேறொரு நாட்டில் உயிர்த்தது. ஜப்பானிய இளைஞர் மசடாகா டகேட்சுரு 1920இல் அங்கே பயிற்சி பெற்று, கண்டவற்றை வரைபடங்களுடன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு ஊர் திரும்பினார். 1923இல் ஷின்ஜிரோ டோரி தொடங்கிய யமசாகி வடிசாலையை அமைத்துக் கொடுத்தார். 1934இல் ஹொக்கைடோவின் யோயிச்சியில் தம் சொந்த வடிசாலையை நிறுவினார். யோயிச்சியில் வடிகலங்களுக்கு அடியில் இன்றும் நிலக்கரி நேரடியாக எரிகிறது.

ஒற்றை வடிசாலையின் மால்ட்டை வேறெதனுடனும் கலக்காமல் குடிக்கும் பழக்கம், அதாவது சிங்கிள் மால்ட், 1963இல் கிளென்ஃபிடிக் அதை ஸ்காட்லாந்துக்கு வெளியே முனைந்து விற்கத் தொடங்கிய பிறகே பரவியது. அதுவரை சுவை அறிதல் தொழிலாளரின் கலையாக இருந்தது. கலவையாளர் விஸ்கியில் நீர் சேர்த்து ஆல்கஹால் அளவை ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு இறக்கி, வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் மூக்கை வைத்து முகர்ந்தே பெரும்பாலும் முடிவு செய்வார். நீர் சேர்வதால் ஆல்கஹாலின் காரம் அடங்கி, உள்ளிருக்கும் மணங்கள் பிரிந்து தெரிகின்றன. 1979இல் எடின்பரோவின் ஆய்வாளர்கள் வகுத்த மணச்சக்கரம் புகை, தானியம், பழம், மலர், மரம் என்று மணங்களை வகைப்படுத்தித் தொழிலுக்கு ஒரு பொதுச் சொற்களஞ்சியத்தைத் தந்தது. 1989இல் வெளிவந்த, விஸ்கி எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சனின் கையேடு அத்தகைய மொழியைப் பொதுவாசகரிடம் கொண்டுசேர்த்தது. வேறுபாட்டைத் தேடிக் காசு கொடுக்கும் குடிப்போர் உருவானது இவ்வாறுதான். கலவையாளருக்குச் சுமையாகிவிட்ட கேம்பெல்டவுனின் அழுத்தம், இவர்களுக்கு அரிய பொருளாயிற்று.

1980களின் பெரும்பகுதியில் ஏறக்குறைய முடங்கிக் கிடந்த ஸ்பிரிங்பேங்க், இந்தப் புதிய நாட்டத்தின் துணையால் மீண்டது. தனக்கு வேண்டிய மால்ட் முழுவதையும் தரையில் பரப்பி, ஆட்களே கிளறி முளைக்கச் செய்யும் பழைய முறையை 1960இல் கைவிட்ட அது, 1992இல் அதை மீண்டும் தொடங்கியது. அதே வடிகலங்களில் இன்று மூன்று விஸ்கிகள் பிறக்கின்றன. ஸ்பிரிங்பேங்க்குக்கு மால்ட் 6 மணி நேரம் பீட் புகையிலும் பின்னர் வெப்பக்காற்றிலும் உலர்கிறது. அதன் ஒரு பகுதி இருமுறையும் எஞ்சியது மும்முறையும் வடிக்கப்படுவதால் அதை இரண்டரை முறை வடித்தது என்பர். 1973இல் தொடங்கிய லாங்ரோவுக்கு மால்ட் 48 மணி நேரம் வரை புகையில் இருக்க, வடிப்பு இருமுறையே. 1997இல் முதலில் வடிக்கப்பட்ட ஹேசல்பர்ன், மறைந்த வடிசாலையின் பெயரைத் தாங்கி, புகையே படாத மால்ட்டிலிருந்து மும்முறை வடிக்கப்படுகிறது. மூன்றையும் அடுத்தடுத்துச் சுவைப்பதே புகையும் வடிப்பும் சுவையில் என்ன செய்கின்றன என்பதை அறியச் சிறந்த வழி: ஹேசல்பர்னில் தானிய இனிப்பும் பழச்சாயலும் தெளிவாக எழ, ஸ்பிரிங்பேங்கில் அவற்றின்மேல் புகையும் உப்பும் மெல்லப் படர, லாங்ரோவில் புகை முன்னால் நின்று எண்ணெய்ப்பதம் நாவில் நெடுநேரம் தங்குகிறது.

1925இல் மூடப்பட்ட கிளென்கைல் வடிசாலையையும் ஸ்பிரிங்பேங்கின் உரிமையாளர்களே 2004இல் மீண்டும் இயக்கினர். 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிகள் கேம்பெல்டவுனை ஐந்து வட்டாரங்களுள் ஒன்றாகச் சட்டப்படி காக்கின்றன. ஆனால் அவ்விதிகள் எல்லையைக் காக்கின்றனவே தவிர, சுவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே புகையற்ற, இலேசான ஹேசல்பர்னும் அதே வட்டாரப் பெயருடன் விற்பனைக்கு வருகிறது. 1880களின் கிளாஸ்கோ கலவையாளர் எவரும் அதைக் கேம்பெல்டவுன் என்று ஒப்புக்கொண்டிருக்கமாட்டார்.