தலைமன்னார் இறங்குதுறை: ஏற்றலும் இறக்கலும்

இலங்கைக்கும் தமிழகத்துக்கும் இடையே நிலவிய போக்குவரத்தைப் பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ‘போட் மெயில்’ என்னும் பெயரின் கவர்ச்சியிலேயே நின்றுவிட்டனர். சென்னையிற் பெற்ற ஒரே பயணச்சீட்டுடன் கொழும்பு கோட்டையில் வந்திறங்க முடிந்தது என்பது உண்மையே. ஆயின் அப்பயணத்தின் நடுவே மனிதரும் மூட்டையும் தனுஷ்கோடியில் ஒருமுறை, தலைமன்னாரில் மறுமுறை இடம் மாற்றப்பட்டமையை அவ்வெழுத்துக்கள் ஒரே வரியிற் கடந்துவிடுகின்றன. இத்துறையின் வரலாறு அந்த ஒரு வரிக்குள்ளேதான் அடங்கிக் கிடக்கின்றது.

1914 ஆம் ஆண்டுக்கு முன்னர் தூத்துக்குடியே கொழும்புக்கான வாயிலாக இருந்தது. கரையோரக் கடல் ஆழமற்றதாகையால் கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு கலங்களில் அதனை அடைந்தனர். அதற்கும் முந்திய கோப்பிக் காலத்தில், தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்த தொழிலாளர் வறண்ட காட்டுப் பாதையாகக் கால்நடையிலேயே மாத்தளை நோக்கிச் சென்றனர். அவ்வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1914 பெப்ரவரி 24 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மதவாச்சியிலிருந்து செட்டிகுளம், மடு, முருங்கன் வழியாகத் தலைமன்னார்வரை புகையிரதப் பாதையும் இயங்கத் தொடங்கியது. இடைப்பட்ட ஏறத்தாழ 22 மைல் கடலை நீராவிக் கப்பல்கள் கடந்தன. கேர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்பன அவற்றுள் முதலில் வந்தவை. மூன்றும் இந்திய இராசப் பிரதிநிதிகளின் பெயர்கள். இலங்கைத் தேசாதிபதி எவருடைய பெயரும் அவற்றுள் இடம்பெறாமை, இவ்வழியில் எவர் கை ஓங்கியிருந்தது என்பதை ஓரளவு காட்டும்.

ஆதாம் பாலத் திட்டுக்களின் மீது இருப்புப்பாதையே அமைத்துவிடலாம் என்ற யோசனையும் முன்வைக்கப்பட்டது, அது நிறைவேறவில்லை. நிறைவேறியிருப்பினும் வேறொரு தடை காத்திருந்தது. தென்னிந்தியப் புகையிரதத்தின் இப்பாதை மீற்றர் அகலமுடையது. இலங்கைப் பாதையோ ஐந்தரை அடி அகலமுடையது. ஒரு கரையின் வண்டி மறு கரையின் தண்டவாளத்தில் ஓடவே இயலாது. எனவே ஒவ்வொரு சிப்பமும் வண்டியிலிருந்து துறைக்கும், துறையிலிருந்து கப்பலுக்கும், மீண்டும் அவ்வாறே மறுகரையிலும் கைமாறவேண்டியதாயிற்று. பொறியியலாளர் விட்ட இடைவெளியை நிரப்பியது சுமை தூக்குவோரின் தோள்களே.

இறங்குதுறை என்பது இருவகை ஊர்திகள் சந்திக்கும் இடம். இரண்டுக்கும் அது இக்கட்டான இடம். புகையிரதத்தைப் பொறுத்தவரை அது அப்பாற் செல்ல வழியில்லாத முனையம். வந்த பெட்டிகள் வந்த திசையிலேயே திரும்ப வேண்டும், இயந்திரமோ மறுமுனைக்கு மாற வேண்டும். கப்பலின் நிலை இன்னும் கடினமானது. வேகத்தைத் தணித்தால் சுக்கானின் பிடி தளரும்; தணிக்காவிடில் துறையில் மோத நேரும். வைகாசி முதல் தென்மேற்குக் காற்றும், ஐப்பசி முதல் வடகீழ்க் காற்றும் மாறிமாறி வீசும் இக்கடலில், பக்கவாட்டில் தள்ளப்படும் ஒரு கப்பலை இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்கித் துறையோடு அணைத்து நிறுத்துவது எளிய செயலன்று. தூண்களில் வடம் சுற்றி இறுகிய பின்னரே பலகையில் ஒருவர் கால்வைக்க முடியும். பயண நூல்கள் கப்பலின் சிற்றுண்டியை வருணித்த அளவுக்கு இத்தொழிலை வருணிக்கவில்லை.

இத்துறை வழியே சென்ற சுமைகளுள் வரலாற்று மாணவர் முதன்மையாக நோக்கவேண்டியது மனிதச் சுமையாகும். மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதிக்கப்பட்ட பின்னரே தோட்டத் தொழிலாளர் கப்பலேற்றப்பட்டனர். எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் காட்டும் தகரச் சீட்டை அவர்கள் அணியும் முறை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்டது. சிப்பத்துக்கு முகவரி ஒட்டும் அதே அறிவுதான் இங்கும் தொழிற்பட்டது எனக் கூறுதல் மிகையன்று. 1939 இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டது 1974 இல். பாட்டன் இறங்கிய துறையிலேயே பேரன் ஏறினான். இறங்கியவன் தொழில்தேடி வந்தவன். ஏறியவனோ பிறந்த ஊரைவிட்டுச் சென்றவன். இவ்விரு பயணங்களையும் ஒரே கணக்கேட்டின் வரவும் செலவுமாக எழுதுவது பொருந்தாது.

ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரு திங்கள் கழியுமுன், 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற புகையிரதம் பயணிகளோடு கடலுட் சென்றது. அதன்பின் இந்தியப் பக்கத் துறை இராமேஸ்வரத்துக்கு மாறியது. தாயகம் திரும்புவோர் எனப் பெயரிடப்பட்டோரை ‘இராமானுஜம்’ என்னும் கப்பலும் ஏற்றிச் சென்றது. இனப்போர் மூண்ட சூழலில் 1984 இல் கப்பற்சேவை நின்றது. 1990 இல் புகையிரதமும் நின்றது. 2015 மார்ச்சில் இருப்புப்பாதை மீண்டும் தலைமன்னார் இறங்குதுறை நிலையத்தை எட்டியது. இன்று அங்கே வந்திறங்குவோர், கடலுக்குள் நீளும் பழைய துறையின் எச்சத்தைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, வந்த வண்டியிலேயே மன்னாருக்குத் திரும்புகின்றனர்.