கிட்டங்கி முதல் பல்கலைக்கழகம் வரை

இந்நாளில் பல்கலைக்கழகம் புகும் மாணாக்கருட் சிலர் சட்டத்தையும் வணிகத்தையும் ஒருசேரப் பயின்று இரு பட்டங்களுடன் வெளிவர விழைகின்றனர். இதனை அண்மைக் காலத்துப் புதுமை என்று கருதுவோர் பலர். ஆயினும் மலாயா, சிங்கப்பூர் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு, இவ்விரண்டு அறிவும் ஒரே கூரையின்கீழ் ஊட்டப்பட்ட காலம் ஒன்று முன்னரே இருந்தமை புலனாகும். நகரத்தார் நடத்திய கிட்டங்கியின் கூரையே அது.

சிங்கப்பூரின் மார்க்கெட் தெரு, பினாங்கின் பினாங்குத் தெரு, கோலாலம்பூரின் லெபோ அம்பாங் ஆகிய இடங்களில் அக்கிட்டங்கிகள் நிரல்பட நின்றன. நீண்ட கூடத்தில் பாய் விரித்து, முன்னே ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விலாசத்தாரும் தத்தம் தொழிலை நடத்தினர். பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன், ஆண்டுகள் பல கழிந்தபின் அடுத்தாளாகி, திறமை வாய்ப்பின் மேலாளாக உயர்ந்தான். குறிப்பேட்டில் எழுதவும், பேரேட்டில் பெயர்க்கவும், நடப்பு வட்டியை மனக்கணக்காகப் போடவும் அவன் அங்கேயே கற்றான்.

இவ்வளவும் வணிகக் கல்வி. சட்டக் கல்வியோ அதே பெட்டிக்குள் இருந்தது. செட்டிநாட்டில் இருந்த முதலாளி கடல் கடந்து அனுப்பிய மேலாளின் கையில் ஓர் அதிகாரப் பத்திரம் இருந்தது. கடன் கொடுக்கவும், நிலத்தை ஈடாகப் பெறவும், வழக்காடவும் அப்பத்திரமே அவனுக்கு உரிமை தந்தது. அதில் ஒரு சொல் குறைந்தாலும் நீதிமன்றத்தில் நிற்க இயலாது. உண்டியல், புரோநோட்டு, அடமானம், பங்காண்மை ஆகிய யாவும் வாணிகக் கருவிகள். அதே வேளையில் அவை சட்டக் கருவிகளுமாம். ஒன்றை விட்டு மற்றொன்றைக் கற்பது எவ்வாறு?

மேலும், மேலாள் ஒரே சட்டத்தை அறிந்தாற் போதாது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பினாங்கு 1807 ஆம் ஆண்டின் நீதிப் பட்டயத்தாலும், சிங்கப்பூரும் மலாக்காவும் 1826 ஆம் ஆண்டின் இரண்டாம் பட்டயத்தாலும் ஆங்கிலச் சட்டத்தின் ஆளுகைக்குள் வந்தன. 1878 இல் இயற்றப்பட்ட குடியியற் சட்டம், பங்காண்மை, வங்கி, முகவர், காப்புறுதி முதலிய வாணிகப் பொருள்களில் இங்கிலாந்தில் வழங்கும் சட்டமே நீரிணைக் குடியேற்றங்களிலும் வழங்கும் என்று விதித்தது. ஆனால் பினாங்கிலிருந்து பேராக்கிற்குச் சென்றால் நிலைமை வேறு. கூட்டு மலாய் நாடுகளின் ஒப்பந்தச் சட்டம் 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றியது. நிலச் சட்டமோ ஆஸ்திரேலியாவில் தோன்றிய டோரன்ஸ் முறையைத் தழுவியது. அம்முறையில் பதிவேட்டில் ஏறியதே உரிமை. பினாங்கில் ஆங்கில முறைப் பத்திரங்களை ஆராய்ந்து பழகிய மேலாள், ஈப்போவில் நிலப் பதிவகத்தின் படிகளில் ஏறியே ஆகவேண்டும். மூன்று நாடுகளின் சட்டங்கள் ஒரு நாள் இரயில் பயணத் தொலைவிற்குள் கலந்து கிடந்தன! பட்டம் எதுவும் பெறாத அம்மேலாட்கள் இவற்றை வேறுபடுத்தி அறிந்திருந்தனர் என்பது வியப்பிற்குரியது.

இவ்வறிவின் மறுபக்கத்தையும் மறைத்தல் வரலாற்றிற்கு அழகன்று. புரோநோட்டில் பெருவிரல் வைத்தவருக்கு அதில் எழுதியது விளங்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, சிறு நிலக்காரர் பலரின் நிலங்கள் கடனுக்கு ஈடாகக் கைமாறின. 1913 ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1933 இல் மேலும் இறுக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். வட்டித் தொழிலை நெறிப்படுத்த நீரிணைக் குடியேற்றங்களில் 1935 இலும், மலாயாவில் 1951 இலும் சட்டங்கள் வந்தன. கடன் ஒப்பந்தத்தை எழுத்தில் வடித்து, அதன் படியைக் கடன் பெற்றவருக்குத் தருதல் வேண்டும் என்பது அவற்றின் உயிர்நாடி. சட்டமும் வணிகமும் ஒருவனிடமே குவிந்து, எதிரில் இருப்பவனிடம் இரண்டும் இல்லாதபோது விளைவது என்ன என்பதற்கு அக்காலமே சான்று.

பின்னர் இவ்விரு கல்வியும் பிரிந்தன. வழக்கறிஞராக விரும்பியவர் கப்பலேறி இலண்டனுக்குச் சென்று, மிடில் டெம்பிள், லிங்கன்ஸ் இன் போன்ற சட்டக் கழகங்களில் சேரவேண்டியிருந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே அது கைகூடிற்று. ஏனையோர் மாலை வகுப்புகளில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கணக்கியலும் பயின்று, இலண்டன் வர்த்தகச் சபையின் தேர்வெழுதி, அலுவலக எழுத்தர்களாயினர். சட்டம் மேட்டிற்கும் வணிகம் பள்ளத்திற்கும் உரியன என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியது அப்போதுதான் எனலாம்.

அப்பிரிவினால் நேர்ந்த இழப்பைத் தோட்டத் துண்டாடல் காட்டிற்று. 1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் ரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றனர். தலைமுறை தலைமுறையாகப் பால் மரம் வெட்டிய தமிழ்த் தொழிலாளர் வேலையை இழந்தனர். வேலையோடு பிணைந்திருந்த வீட்டையும் இழந்தனர். விற்பனை முற்றும் சட்டப்படியே நடந்தது. அதனைச் சட்டத்தின் துணையோடும் வாணிகத்தின் துணையோடும் எதிர்கொள்ள வழி கண்டவர் துன் வீ. தி. சம்பந்தன். 1960 இல் அவர் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், மாதம் பத்து வெள்ளி வீதம் தொழிலாளரிடம் பங்குத்தொகை திரட்டியது. விற்பனைக்கு வந்த தோட்டங்களைத் தொழிலாளர் பெயராலேயே வாங்கியது. கூட்டுறவுச் சட்டம் தந்த உருவம், பங்கு மூலதனம் தந்த வலிமை ஆகிய இரண்டும் சேர்ந்தே அச்சங்கத்தை நிறுத்தின. எழுதப் படிக்க அறியாத மூதாட்டியர்கூடப் பங்குதாரராயினர்.

உள்நாட்டில் சட்டப் பட்டப்படிப்பு அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தொடங்கிவிட்டது. 1949 இல் சிங்கப்பூரில் நிறுவப்பெற்ற மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஷெரிடன் தலைமையில் சட்டத்துறை அமைந்தது; 1957 இல் மாணாக்கர் சேர்ந்தனர்; முதற் பட்டதாரிகள் 1961 இல் வெளிவந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் அங்குப் பட்டம் பெற்ற சு. ஜெயகுமார் பின்னர் அப்புலத்தின் தலைவராகவும், 1988 முதல் 2008 வரை சிங்கப்பூரின் சட்ட அமைச்சராகவும் விளங்கினார். கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அகமது இப்ராகிமை முதல் தலைவராகக் கொண்டு 1972 இல் சட்டப்புலம் தோன்றியது. இலண்டன் கப்பலுக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் கதவு திறந்தது.

எனினும், சட்ட மாணாக்கருக்குக் கம்பெனிச் சட்டம் ஒரு பாடம், வணிக மாணாக்கருக்கு வணிகச் சட்டம் ஒரு பாடம் என்ற அளவிலேயே இரு துறைகளும் நெடுங்காலம் எட்ட நின்றன. இரண்டையும் முழுமையாக இணைத்துக் கற்பிக்கும் முறை ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் செழித்தது. வணிகவியலும் சட்டமும் ஐந்தாண்டுகளில் பயிலும் அப்படிப்பை நாடி இங்கிருந்து பலர் சென்றனர். அதற்குத் தக்க காரணமும் உண்டு. மலேசியாவின் 1965 ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் விக்டோரியா மாநிலத்தின் 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தையே முன்மாதிரியாகக் கொண்டது. டோரன்ஸ் முறையும் அங்கிருந்தே வந்தது. மெல்பர்னில் படித்தவை கோலாலம்பூரில் பெரும்பாலும் செல்லுபடியாயின. ஆயினும் வெளிநாட்டில் சட்டப் பட்டம் பெற்றோர்க்கென 1984 இல் தனித் தேர்வு ஒன்று வந்தது. அத்தேர்வில் இடறி விழுந்தோர் தொகை சிறிதன்று. ஐந்தாண்டுச் செலவைக் கணக்கிடும் பெற்றோர் இதனையும் கணக்கில் கொள்ளல் நன்று.

சிங்கப்பூரில் 2000 இல் தோன்றிய மேலாண்மைப் பல்கலைக்கழகம், முதலில் வணிகத்தைக் கற்பித்து, 2007 இல் சட்டப்பள்ளியையும் திறந்தது. சட்டம் நான்காண்டு, வணிகம் நான்காண்டு என எட்டாண்டு ஆகவேண்டிய படிப்பு, பொதுப் பாடங்கள் இணைவதால் ஐந்தாண்டு அளவில் முடிகிறது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் இத்தகைய இரட்டைப் பட்டத்தை வழங்குகிறது. சுமை பெரிது. கணக்கியல் விடையைத் தேடும் மூளை ஒருவகை. இரு பக்கத்து வாதத்தையும் நிறுத்துப் பார்க்கும் மூளை மற்றொருவகை. இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றி இயக்க வல்லவரே அதனைத் தாங்குவர்.

1878 ஆம் ஆண்டின் அந்த விதி 1993 இல் சிங்கப்பூரில் நீக்கப்பட்டது. மலேசியாவில் 1956 ஆம் ஆண்டுக் குடியியற் சட்டத்தின் ஐந்தாம் பிரிவாக நிலைபெற்றுள்ளது. அதனைக் கற்கும் மாணாக்கர் பழைய தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டும்போது, இரண்டு மூன்று தலைப்பெழுத்துகளுடன் செட்டியார் பெயர்கள் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. அவ்வெழுத்துகள் ஒரு மனிதரின் முன்னெழுத்து மட்டும் என்றே பெரும்பாலோர் படித்துச் செல்கின்றனர். கிட்டங்கியில் அவற்றை விலாசம் என்றனர்.