தூர் எடுக்க யார் காசு?

மண்ணச்சநல்லூரில் வீட்டுமனை வாங்கிப் போட்டுவிட்டு வேலைக்கு வெளியூர் போனவர்கள், ஐந்தாறு வருடம் கழித்து வந்து பார்த்தால் எல்லைக் கல்லைத் தேட வேண்டியிருக்கும். மனை முழுக்கச் சீமைக் கருவேலம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, கிளையும் முள்ளுமாகப் பின்னிக் கிடக்கும். யாரும் விதைத்ததில்லை, ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. ஆனால் இந்த மரம் தானாக வந்து சேர்ந்ததும் இல்லை.

மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வட பகுதி, கரீபியத் தீவுகள்: இவைதான் அதன் பிறந்த மண். 1870-களில் மதராஸ் மாகாணத்தில் விறகுக்குப் பெரும் தட்டுப்பாடு. அடுப்பு மட்டுமல்ல, ரயில் என்ஜினும் விறகில்தான் ஓடியது. காட்டிலாகாவுக்குத் தலைமை வகித்தவர் கர்னல் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம். தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய தாவரவியலாளர். வறண்ட நிலத்திலும் பிழைத்து, வெட்ட வெட்டத் துளிர்க்கும் விறகு மரம் ஒன்று வேண்டும் என்று 1876-ல் அவர் விதை கேட்டு எழுதினார். நம் பாட்டன்மார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த தாது வருடப் பஞ்சம் தொடங்கிய வருடம் அது. மறு வருடம் ஜமைக்காவிலிருந்து விதை வந்து, கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் நடப்பட்டது. இதை ஆஸ்திரேலியாவிலிருந்து காமராஜர் கொண்டுவந்தார் என்று இன்றும் டீக்கடைகளில் பேசிக்கொள்கிறார்கள். அவர் 1954-ல் முதலமைச்சர் ஆவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே மரம் இங்கே வேர் விட்டுவிட்டது. பிறகு வந்த அரசுகளும் ஊர்களும் விறகுக்காகவும் வேலிக்காகவும் அதைப் பரப்பியது உண்மை. வேலிக்காத்தான் என்ற பெயர் அந்த நாட்களின் மிச்சம்.

அதே கதை வேறு இடங்களிலும் நடந்தது. ஜோத்பூர் சமஸ்தானம் 1940-ல் இதை அரச மரியாதைக்குரிய மரமாக அறிவித்தது. குஜராத்தின் பன்னி புல்வெளியில், உப்புப் பாலை முன்னேறுவதைத் தடுக்க 1961-ல் வனத்துறை நட்டது. இன்று அங்கே மாடு மேய்ப்பவர்கள் புல்லைத் தேடி அலைகிறார்கள். கென்யாவின் பாரிங்கோ பகுதியில் 1980-களில் நட்டார்கள். அங்குள்ள இல்சாமுஸ் மக்கள் 2006-ல் நீதிமன்றம் போனபோது, இந்த மரத்தின் நெற்றைத் தின்று தின்று பல்லெல்லாம் போன ஓர் ஆட்டையே சாட்சியாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

ஆட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரம் பரவியதில் பெரும்பங்கு அதனுடையது. சீமைக் கருவேல இலையை ஆடு அநேகமாகத் தொடாது. நெற்றை விடாது. வெளிர்மஞ்சளாக, விரல் நீளத்துக்கு மேல் இருக்கும் நெற்றை வாயில் போட்டுப் பார்த்தால் நமக்கே இனிக்கும். உள்ளே விதை கெட்டியான ஓட்டுக்குள் இருக்கிறது. அப்படியே மண்ணில் விழுந்தால் லேசில் முளைக்காது. ஆட்டின் வயிற்றுக்குள் போய்வரும்போது அந்த ஓடு நெகிழ்ந்து, புழுக்கையோடு விழும் இடத்திலேயே எருவும் கிடைத்துவிடுகிறது. ராமநாதபுரத்து ஆட்டு மந்தைக்காரர்களான கீதாரிகள் அறுவடை முடிந்ததும் காவிரிப் படுகை வயல்களில் கிடை போட வருவது பழைய வழக்கம். ஆடு போகும் பாதையெல்லாம் விதையும் போகும். பெருவளை வாய்க்கால் பாயும் நெல்வயலில் அந்த விதைக்கு வாழ்வில்லை. வருடம் இரண்டு தரம் உழவு மாடோ டிராக்டரோ அதைப் புரட்டிப் போட்டுவிடும். உழவு நின்ற நிலம்தான் அதற்குத் தேவை. அரிசி ஆலைகளால் பேர் வாங்கிய இந்த ஊரைச் சுற்றிலும், வடக்கே துறையூர் சாலை ஓரத்திலும், கிழக்கே சமயபுரம், சிறுகனூர் பக்கமும், வயலும் மேட்டுக்காடும் மனைப்பிரிவாக மாறி, கல் நட்டு, வேலி போடாமல் கிடந்த இடங்களில் அதற்கு வாசல் திறந்தது.

மரம் சோறு போட்டதையும் சொல்லாமல் விடக்கூடாது. முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கட்டைகளை அடுக்கி, மேலே தழையும் மண்ணும் பூசி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுக்கும் மூட்டத்தொழில்தான் மழை பொய்த்த வருடங்களில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கைகொடுத்தது. நம் பக்கத்திலும் காஸ் அடுப்பு வரும் முன் விறகுக்கடையில் எடை போட்டு விற்றதில் பெரும்பகுதி இதுதான். செங்கல் சூளைகள் இன்றும் வாங்குகின்றன. மரத்தைச் சாத்தானாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. காற்றின் ஈரத்தையே உறிஞ்சிவிடும் என்பது போன்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. ஆனால் ஆழமாக வேர் விடுவதும், தன் கீழே புல்லைக்கூட வளர விடாமல் செய்வதும், வாய்க்காலை அடைப்பதும் கண்ணால் பார்ப்பவை.

2016-ல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் ஏ. செல்வமும் பி. கலையரசனும் மரத்தை அகற்றச் சொன்னது அந்த வேளையில்தான். ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. அவசரத்தில் சில இடங்களில் நாட்டுக் கருவேலமும் சேர்ந்து சாய்ந்தது. மஞ்சள் உருண்டைப் பூவும், மணி கோத்த மாதிரிக் காயும் உள்ள அது நம் ஏரிக்கரையின் சொந்த மரம். பறவைகள் கூடு கட்டுவது. சீமைக் கருவேலத்தின் பூ வால் போல் நீண்டிருக்கும். பூவைப் பார்த்துவிட்டு அரிவாளை எடுக்க வேண்டும். அந்த ஏப்ரலிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வு சீமைக் கருவேலத்தை அகற்ற இடைக்காலத் தடை விதித்தது. ஊடுருவும் தாவரங்களுக்கென்று தமிழக அரசு தனிக் கொள்கை வகுத்தது 2022-ல்.

இத்தனைக்கும் பிறகு மரம் ஏன் போகவில்லை? மனையில் வெட்ட ஆள் கூப்பிட்டால் நடக்கும் பேச்சில் பதில் இருக்கிறது.

“அண்ணே, மேல இருக்கற கட்டைய நான் எடுத்துக்கறேன். வெட்டுக்கூலி எதுவும் வேணாம்.”

“தூரு?”

“தூருக்கு நீங்க ஜேசிபி வச்சுக்கங்க. அது நமக்குக் கட்டாதுண்ணே.”

அவர் சொல்வது நியாயமான கணக்கு. கட்டைக்கு விலை உண்டு, லாரி வாடகை கழிந்து மிஞ்சும். தூரைத் தோண்ட எந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை; மண் ஒட்டிய தூருக்கு வாங்க ஆளில்லை. அதனால் கட்டை போகிறது, தூர் நிற்கிறது. தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே தூரின் கழுத்தில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. அடுத்த மழைக்கு ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுத் துளிர் வரும். முன்னைவிடப் புதராகும். ஏரி, கண்மாய் மரங்களை வனத்துறை மதிப்பிட்டு ஏலம் விடும்போதும் இதே சிக்கல்தான். ஏலம் எடுத்தவர் பணம் கட்டுவது மரத்துக்கு. தூர் வரை தோண்டினாரா என்று கடைசி நாளில் குனிந்து பார்க்க ஆள் வேண்டும்.

விவசாய நிலத்துக்குக் கைகொடுக்க அரசிடம் வழி இருக்கிறது. 2022-ல் தொடங்கிய கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில், சேர்ந்தாற்போல் 10 முதல் 15 ஏக்கர் தரிசு கிடைத்தால் அதைத் தொகுப்பாக்கி, முட்புதரை அகற்றி, சமன்செய்து, ஆழ்துளைக் கிணறு வரை போட்டுத் தருகிறார்கள். வேளாண் பொறியியல் துறையின் எந்திரங்களை உழவன் செயலியில் பதிந்து வாடகைக்கு எடுக்கலாம். மேட்டுக்காடு வைத்திருப்பவர்கள் மண்ணச்சநல்லூர் வேளாண் அலுவலகத்தில் இந்த இரண்டையும் விசாரிக்க வேண்டும்.

இந்த உதவி உழவு நிலத்தோடு நின்றுவிடுகிறது, வீட்டுமனைக்கு வருவதில்லை. ஒருவர் செலவழித்துத் தன் மனையைச் சுத்தம் செய்தாலும், பக்கத்து மனையின் நெற்றை ஆடு தின்று இங்கே வந்து போடும். பேரூராட்சி காலிமனை வரி வசூலிக்கிறது. தூரோடு அகற்றி, அந்த இடத்தில் புங்கனோ வேம்போ வைத்ததைக் காட்டினால் அந்த வருட வரியில் செலவின் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒரு மனைப்பிரிவின் உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே எந்திரத்தை நாலு நாள் பேசினால் தலைக்குச் செலவும் குறையும், விதை வரும் வழியும் அடைபடும். கட்டை விற்ற காசையும் வெட்டுகிறவருக்கு அப்படியே விட்டுவிடாமல், தூர் எடுக்கும் கூலியோடு சேர்த்துப் பேசலாம்.

செய்வதானால் தை, மாசியில் செய்ய வேண்டும். கோடையில் நெற்று பழுத்து உதிரும் முன். பக்கத்தில் ஆழ்துளைக் கிணறோ சுற்றுச்சுவரோ இருந்தால் ஜேசிபி பக்கெட்டை விட்டுவிட்டுக் கடப்பாரையால் சுற்றிலும் மண் பறித்து, தரைக்கு ஓர் அடி கீழே வெட்ட வேண்டும். மண்ணுக்குள் கிடக்கும் விதை வருடக்கணக்கில் காத்திருக்கும். ஒவ்வொரு நல்ல மழைக்கும் பத்து நாள் கழித்து ஒரு நடை போய், இரண்டிலையும் நாலிலையுமாக நிற்கும் கன்றுகளை ஈரம் காயும் முன் கையாலேயே பிடுங்கிவிடலாம். அந்த வயதில் அதற்கு முள்ளும் முற்றியிருக்காது, வேரும் ஒரு சாணுக்கு மேல் போயிருக்காது.