மணமகளுக்கு லத்தீன் தெரியாது

16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின். மணமகள் கடவுளோடு கொஞ்சிப் பேசுவதைப் பற்றிக் குருவானவர் ஒருவர் உருகி உருகிப் பிரசங்கம் செய்கிறார். கோயிலில் இருந்தவர்களோ சிரிக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த அவிலா தெரேசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரசங்கம் அருமையாகத்தானே இருந்தது, இதில் சிரிக்க என்ன இருக்கு? பிற்பாடு, தன் மடத்துக் கன்னியர்களுக்காக எழுதிய சின்னப் புத்தகத்தில் இதைச் சொல்கிறார்.

அந்தப் புத்தகமே சாலமோனின் பாடலைப் பற்றியதுதான். தமிழில் புராட்டஸ்டண்டுகளுக்கு அது உன்னதப்பாட்டு, கத்தோலிக்கர்களுக்கு இனிமைமிகு பாடல். எட்டே அதிகாரம். முத்தத்தில் ஆரம்பிக்கும் அப்பட்டமான காதல் பாட்டு. அதில் கடவுளைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். காதலன் கிறிஸ்து, காதலி திருச்சபை என்று வாசித்தார்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன், அந்த மணமகள் தனி மனிதரின் ஆன்மாவும்தான் என்றார்.

இந்த வாசிப்பை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் பிரான்ஸின் கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்நார்து. 1135இல் தொடங்கி 1153இல் சாகும்வரை இந்தப் பாட்டுக்கு 86 பிரசங்கங்கள். அப்பவும் மூன்றாம் அதிகாரத்தின் வாசலைத் தாண்டவில்லை! ஆண் துறவிகள் தங்களுக்குள் 'நாம்தான் மணமகள்' என்று பேசிக்கொள்வதில் அங்கே யாருக்கும் சங்கடமில்லை. லத்தீனில் ஆன்மா பெண்பால் சொல் என்பது வசதியாகப் போயிற்று. (நம்மாழ்வார் பராங்குச நாயகியாகும் ஊரில் இருக்கும் நமக்கும் இது பெரிய அதிர்ச்சி இல்லை.)

அதே பாட்டு லத்தீனை விட்டு இறங்கி வந்தபோதுதான் வந்தது வினை. 1559இல் ஸ்பெயினின் தடைப் பட்டியல் தாய்மொழி பைபிள்களை விலக்கியது. சாலமன்கா பேராசிரியர் லூயிஸ் தெ லியோன், லத்தீன் தெரியாத ஒரு கன்னியருக்காக இந்தப் பாட்டை எபிரேயத்திலிருந்து ஸ்பானியத்தில் எழுதிக் கொடுத்தார். பிரதி கைமாறிப் பரவியது. 1572இல் சமய விசாரணை மன்றம் அவரைப் பிடித்தது. லத்தீன் பைபிளைவிட எபிரேய மூலத்தை உயர்த்திப் பேசினார் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. 1576 டிசம்பர்வரை சிறை.

தெரேசாவுக்கும் லத்தீன் வராது. பாட்டின் சில வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தனக்கு அவை என்ன செய்தன என்று எழுதினார். 1580இல் அவருடைய ஆன்ம குருக்களில் ஒருவரான தியேகோ தெ யாங்குவாஸ், ஒரு பெண் இந்தப் பாட்டுக்கு விளக்கம் எழுதுவது முறையல்ல, எரித்துவிடுங்கள் என்றார். மறுபேச்சு இல்லை. எரித்துவிட்டார்.

அப்படி என்னதான் தப்பாக எழுதிவிட்டார்? தப்பே இல்லை. அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1575 ஜூனில், தோமிங்கோ பானியெஸ் என்ற பேர்போன இறையியலாளர் அதன் நகல் ஒன்றைப் படித்து, கொள்கையில் கோளாறு இல்லை என்று கையெழுத்தே போட்டிருக்கிறார். யாங்குவாஸும் பானியெஸும் ஒரே தோமினிக்கன் சபைக்காரர்கள். பிரச்சினை எழுத்தில் இல்லை, எழுதிய கையில்.

தெரேசா எரித்தது தன்னிடம் இருந்த பிரதியை. கன்னியர்கள் எடுத்த நகல்கள் அதற்குள் வேறு மடங்களுக்குப் போய்விட்டிருந்தன. அவர் இறந்து 29 வருஷம் கழித்து, 1611இல், அவருடைய நண்பர் கிராசியன் அதை அச்சுக்குக் கொண்டுவந்தார். ஸ்பெயினில் அல்ல, பிரஸ்ஸல்ஸில்.