கொழுப்புச் சவ்வும் கோலிஸ்டினும்

பெனிசிலினின் பெருமையை நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆயினும், தொடக்கக் காலப் பெனிசிலின் கிருமிகளுள் ஒரு பெரும்பிரிவை வெல்ல இயலாமல் நின்றது. கிராம் என்பார் வகுத்த சாயச் சோதனையில் ஊதா நிறத்தை இழந்துவிடும் பாக்டீரியாக்களே அவை. அவற்றின் உடலுக்கு வெளியே மற்றுமொரு கொழுப்புச் சவ்வு அரணாக அமைந்துள்ளது.

1947ஆம் ஆண்டில், அமெரிக்காவில் இரு குழுவினரும் இங்கிலாந்தில் ஒரு குழுவினரும், ஒருவரையொருவர் சாராமலே, மண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவிலிருந்து இவ்வரணைத் தகர்க்கும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். அதற்குப் 'பாலிமிக்சின்' என்று பெயர். கிரேக்க மொழியில் 'மிகுந்த சளி' என்னும் பொருள் தரும் சொற்களிலிருந்து பிறந்தது அப்பெயர். மருந்துக்கு இதைவிட அழகிய பெயர் கிட்டவில்லை போலும்! 1949இல் ஜப்பானில் கோயாமா கண்டறிந்த கோலிஸ்டின், இக்குடும்பத்தைச் சேர்ந்ததே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இம்மருந்து செயற்படும் விதம் வியப்புக்குரியது. புறச்சவ்வின் வெளிப்பக்கத்தில் 'லிப்பிட் ஏ' என்னும் கொழுப்பு மூலக்கூறுகள் நெருங்கி நிற்கின்றன. அவை எதிர்மின்னூட்டம் உடையவை. ஆதலின் ஒன்றையொன்று விலக்கவே முயலும். இடையே மக்னீசிய, கால்சிய அயனிகள் புகுந்து, செங்கற்களுக்கு இடையே சாந்து போல அவற்றைப் பிணைக்கின்றன. கோலிஸ்டினோ நேர்மின்னூட்டம் உடையது. அது அவ்வயனிகளைத் தள்ளிவிட்டு அவற்றின் இடத்தைப் பற்றிக்கொள்கிறது. பின்னர்த் தன் கொழுப்பு வாலைச் சவ்வினுள் செலுத்துகிறது. சவ்வு குலைகிறது; உட்பொருள்கள் கசிகின்றன; கிருமி மடிகிறது.

ஆனால் சிறுநீரகங்களுக்கு அது தீங்கிழைத்தது. ஆகவே 1970களில் மருத்துவர்கள் அதைப் பெரும்பாலும் கைவிட்டனர். பிற மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகவே, 1990களின் பிற்பகுதி தொட்டு, வேறு வழியற்ற நிலையில் அதனையே மீண்டும் நாடினர்.

இதற்கிடையே, பன்றியும் கோழியும் விரைந்து கொழுக்கவேண்டுமென்று பல நாடுகளில் தீவனத்தில் அதைக் கலந்து வந்தனர். இறுதிப் படைக்கலத்தைத் தீவனத்தொட்டியில் கொட்டிய செயல் என்றே இதைச் சொல்லுவேன். 2015இல் சீன ஆராய்ச்சியாளர் எம்.சி.ஆர்.-1 என்னும் மரபணுவைப் பற்றி அறிவித்தனர். அது லிப்பிட் ஏ-யில் வேறொரு வேதித்தொகுதியை ஒட்டவைத்து, எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துவிடுகிறது. கோலிஸ்டின் பற்றிக்கொள்ள இடமின்றிப் போகிறது. மேலும் அம்மரபணு, பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தின் மேலேறி, ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவும் வல்லது. சீனா 2017இல் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. இந்திய அரசு 2019 ஜூலையில், உணவுக்கென வளர்க்கும் விலங்குகளுக்காக அதைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது.