தட்டுப்பலகையின் சத்தம்

தொழிற்பெயரோடு நமக்குக் கிடைத்திருக்கும் சங்கப் பெண்பாற் புலவர்களில் ஒருவர் வெண்ணிக் குயத்தியார். புறநானூற்றின் 66ஆம் பாடல் அவருடையது. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை நேரே விளித்து, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்டவர். வகுப்பில் நடத்தும்போது யாராவது ஒரு மாணவி கேட்பாள்: "அப்ப இவங்க பானை செஞ்சவங்களா மேடம், இல்ல பானை செய்றவர் வீட்டுப் பொண்ணா?" பாடலில் மண்ணும் இல்லை, பானையும் இல்லை. ஆனாலும் அது நல்ல கேள்வி. பானை செய்வது என்று நாம் எதைச் சொல்கிறோம்?

சக்கரத்தில் வனைவதைச் சொல்கிறோம். அதற்கு முன்னால் மண்ணை உடைத்து, சலித்து, ஊறவைத்து, மணல் கலந்து, மிதித்து, பிசைய வேண்டும். பின்னாலும் வேலை இருக்கிறது. உருண்டை அடிப்பானையைச் சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும்போது அதற்கு அடியே இருக்காது. உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடி, சுவரை மெலிதாக்க வேண்டும். இவற்றில் பெரும்பகுதி பல வீடுகளில் பெண்கள் கையில். பெயர் மட்டும் 'ஒத்தாசை'. மானாமதுரையில் கடத்தைத் தட்டித் தட்டியே நாதம் வரவழைத்த மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. தட்டுவதும் கலைதான் என்று ஓர் அரசு நிறுவனம் ஒப்புக்கொண்ட அபூர்வமான தருணம் அது.

பல்லவர் செப்பேடுகளில் குயவர் மீதான வரிக்குக் குசக்காணம் என்று பெயர். வரி தொழிலை எண்ணியது; வீட்டுக்குள் எத்தனை கை உழைத்தது என்பது அதன் கவலை இல்லை. எங்கள் அரியலூர் மாவட்டத்து மாளிகைமேட்டில் சோழர் அரண்மனையைத் தோண்டியபோது கூரை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. மன்னன் பெயர் தெரியும். ஓட்டு மண்ணை மிதித்த கால் யாருடையது?

சக்கரத்தைப் பெண் தொடக்கூடாது என்ற வழக்கம் இந்தியாவின் பல குயவர் சமூகங்களில் உண்டு. காரணம் கேட்டால் தீட்டு என்பார்கள். மணிப்பூரின் ஆந்த்ரோ கிராமத்தில் சக்கரமே கிடையாது. மணமான பெண்கள்தான் பானை செய்கிறார்கள், களிமண்ணைச் சுற்றித் தாங்களே நடந்து. அதே மாநிலத்துத் தோங்ஜாவோவின் நீலமணி தேவி 2007இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆக, தடை மண்ணின் இயல்பில் இல்லை.

தமிழ்ப் பக்கத்தில் சாதிக்கு வெளியே சக்கரம் வந்ததில் புதுச்சேரிக்கு முக்கிய இடம். தெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பயின்ற பெண்கள் பலர் இன்று பெயர்பெற்ற கலைஞர்கள். தொடக்கநிலைப் பயிற்சி வகுப்புகள் இப்போது நகரமெங்கும் நடக்கின்றன. கட்டணம் கட்டினால் யாரும் சக்கரத்தில் உட்காரலாம். நல்லதுதான். கட்டணம் என்ற சொல்லையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அப்படியொரு இரண்டு நாள் வகுப்புக்கு, சிமென்ட் ஆலைக்குப் பெயர்போன ஆலத்தியூர்ப் பக்கத்துக் குயவர் வீட்டுத் தோழி ஒருத்தியுடன் போனேன். முதல் நாள் கையால் கிள்ளிச் செய்யும் கிண்ணம். அவள் மண் பிசைந்ததைப் பார்த்துப் பயிற்றுநர் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். "வீட்டுல" என்றாள். மறுநாள் சக்கரத்தின் முன்னால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அப்பா சக்கரத்த நான் தாண்டுனதுகூட இல்லக்கா."

"இது அப்பா சக்கரம் இல்ல, கரண்டு சக்கரம். உக்காரு."

என் மண் கடைசிவரை ஆடிக்கொண்டே இருந்தது. அவளுடையது நாலாவது முறையில் நடுவில் நின்றது. திரும்பும் வழியில் பேருந்திலிருந்தே அம்மாவுக்குப் போன் செய்தாள். சக்கரத்தில் உட்கார்ந்ததற்கு அம்மா திட்டவில்லை. "அடி தட்டுனியா?" என்று மட்டும் கேட்டார். தட்டையடிப் பாத்திரம், தட்ட வேண்டியதில்லை என்றாள் இவள். "தட்டாம எப்படிடி பானை?" என்றார் அம்மா.