கிள்ளான் பள்ளத்தாக்கில் தெற்காசிய வம்சாவளியினரின் சமகாலக் காட்சிக் கலை

கோலாலம்பூர், கிள்ளான், பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம் ஆகிய நகரங்களை உள்ளடக்கியது மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு. இங்கே பிறந்த, அல்லது இங்கே வந்து இயங்கிய இந்திய, இலங்கை வம்சாவளி ஓவியர்களும் சிற்பிகளும் தனி இயக்கமாகத் திரண்டதில்லை. பொதுவான பாணி எதையும் அவர்கள் வகுத்துக்கொள்ளவும் இல்லை. ஆயினும் குப்பை, புகைப்படம், விதை, மணவறை என அன்றாட வாழ்விலும் சடங்கிலும் புழங்கும் பொருள்களைக் கலைக்குள் கொண்டுவரும் போக்கு 1970-கள் முதல் இவர்களில் பலரிடம் காணப்படுகிறது.

தொடக்கம்

கோலாலம்பூரில் நவீன ஓவியம் பயிற்சிக் குழுக்களின் வழியே வேரூன்றியது. ஆங்கிலேயக் கலைக்கல்வி அதிகாரி பீட்டர் ஹாரிஸ் 1952-இல் 'புதன்கிழமைக் கலைக் குழு'வைத் தொடங்கினார். கிரேஸ் செல்வநாயகம், சிவம் செல்வரத்தினம் ஆகிய இருவரும் அதில் இடம்பெற்றனர். செல்வநாயகம் துணிக்கலையில் ஈடுபட்டு, மலாய்ப் பொன்னிழை நெசவான சொங்கெட் பற்றி 1990-இல் நூல் வெளியிட்டார். செல்வரத்தினம் அரூப ஓவியத்தில் நிலைபெற்றார். 1958-இல் தேசியக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. ஓவியர்களுக்குக் கண்காட்சியும் பரிசும் அரசுச் சேகரிப்பும் ஒரே இடத்தில் கிடைக்கத் தொடங்கியது அதன் பிறகே.

குப்பையும் கூண்டும்: 1970-கள்

1969 மே 13 இனக் கலவரம் கலைஞர்களின் போக்கை மாற்றியது. நிலக்காட்சிகளையும் அழகிய வண்ணக் கோலங்களையும் விட்டுச் சிலர் சமூகத்தை நேரடியாக விசாரிக்க முற்பட்டனர். பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் (1941–2016) டாமன்சாராவில் கிடந்த குப்பையையும், புகைப்படங்களையும், செய்தித்தாள் நறுக்குகளையும் சேர்த்து 'கூற்று 1' என்ற படைப்பை உருவாக்கினார். தேசியக் கலைக்கூடம் 1973-இல் நடத்திய 'மனிதனும் அவன் உலகமும்' போட்டியில் அது முதன்மைப் பரிசுக்குரியவற்றுள் ஒன்றானது. நகர வளர்ச்சி விட்டுச்செல்லும் கழிவைத் தீட்டிக் காட்டாமல், கழிவையே சான்றாக முன்வைத்தது இதன் புதுமை. 1980-களில் அவர் போரையும் வல்லரசு அரசியலையும் கையிலெடுத்தார். 1986-இல் வரைந்த ஓர் ஓவியத்தில் ரீகனையும் தாட்சரையும் மலாய் நிழற்பாவைகளாகச் சித்தரித்தார்.

குவாந்தானில் பிறந்த சிங்கள வம்சாவளியினரான ரெட்சா பியாதாசா (1939–2007) வேறு திசையில் சென்றார். ஓவியர் சுலைமான் ஈசாவுடன் சேர்ந்து 1974-இல் கோலாலம்பூரில் அவர் நடத்திய 'மாயநிலை யதார்த்தத்தை நோக்கி' என்ற கண்காட்சியில் வரைந்த ஓவியம் எதுவும் இல்லை. பறவையைத் திறந்துவிட்ட வெறுங்கூண்டு, பாதி குடித்த கொக்கோ கோலா போத்தல்கள், எரிந்து தீர்ந்த கொசுவர்த்திச் சுருள்கள் ஆகியவை, நிகழ்ந்த தேதியைச் சொல்லும் குறிப்புகளுடன் வைக்கப்பட்டிருந்தன. கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைவிட, பொருளைக் கடந்து செல்லும் காலமே கலையின் கருவாக வேண்டும் என்பது இருவரின் வாதம். மேற்கத்திய அளவுகோல்களை மறுத்து, தாவோ, சென் சிந்தனைகளை அவர்கள் துணைக்கழைத்தனர்.

ஜப்பானிலும் இதை ஒத்த முயற்சி சில ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருந்தது. நொபுவோ செக்கினே 1968-இல் கோபே நகரில் தரையில் உருளை வடிவக் குழி தோண்டி, அதே மண்ணை அதே அளவு உருளையாக அருகில் நிறுத்தினார். 'மோனோ-ஹா' என்று அறியப்பட்ட அப்போக்கு கல், மண், இரும்பு ஆகியவற்றைப் பெரிதாக உருமாற்றாமல் முன்வைத்தது.

காவியமும் குடும்பப் படமும்

தமிழ்நாட்டின் அழகன்குளத்தில் 1943-இல் பிறந்த சையத் தாஜுதீன், அன்றாடப் பொருள்களைக் கலைக்குள் கொண்டுவரும் போக்கிலிருந்து விலகி நிற்பவர். சிறுவயதில் பினாங்குக்கு வந்து, பின்னர் சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்றவர். அனுமன் சீதையைச் சந்திக்கும் காட்சியை 1972-இல் சுவரோவிய அளவில் தீட்டினார். காவியமும் காதலும் அவருடைய நிலையான கருக்கள்.

பியாதாசா பிற்காலத்தில் மலேசியாவின் பல இனத்தவரின் பழைய புகைப்படங்களைத் திரையச்சிலும் ஒட்டுப்படத்திலும் மறுவார்ப்பு செய்தார். ஓவியரும் முன்னாள் பத்திரிகையாளருமான அனுரேந்திர ஜெகதேவா (பி. 1965) இத்தகைய நினைவுகளை எள்ளலோடு அணுகினார். 2001-இல் மலேசிய இந்தியரின் வரலாற்றை, அவர்களைப் பற்றிய 25 தேய்ந்த பிம்பங்களின் வழியே சொல்லும் படைப்பை வெளியிட்டார். பிந்தைய படைப்பொன்றில் திருமண மணவறையையே ஓவியங்களைத் தாங்கும் அமைப்பாக்கினார். அவருடைய படைப்புகளைக் காட்சிக்கு வைத்துவரும் வெய்-லிங் கலைக்கூடம், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலுள்ள ஜாலான் ஸ்காட்டில், தீயில் சேதமடைந்த பழைய கடைவீட்டைப் புதுப்பித்த கட்டடத்தில் இயங்குகிறது.

விதையும் மிளகாயும்

கிள்ளானில் 1953-இல் பிறந்து சிங்கப்பூரில் வாழும் குமாரி நாகப்பன், உள்ளரங்க வடிவமைப்பிலிருந்து கலைக்கு வந்தவர். பொன் நிறுக்கப் பயன்பட்ட ஆனைக்குன்றிமணி அவருடைய நிறுவல் படைப்புகளில் குவியலாக இடம்பெறும். இந்துச் சடங்குகளின் செந்நிறமும் மஞ்சளும் அவற்றில் ஓங்கி நிற்கும். பின்னர் அவர் சிறு பொருள்களைப் பேருருவாக்கினார்: சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் வெண்கல மிளகாய் (2006), சாங்கி விமான நிலையத்தில் ஆனைக்குன்றிமணி (2007), ஆர்ச்சர்டு சாலையில் ஜாதிக்காய் (2009). ஜப்பானின் யாயோய் குசாமா நவோஷிமா தீவில் வைத்த பூசணிக்காயும் (1994) உண்ணும் காயைப் பேருருவாக்கியதுதான். ஆனால் குசாமாவின் பூசணி புள்ளிகளால் போர்த்தப்பட்டது. குமாரியின் மிளகாயும் ஜாதிக்காயும் இயல்பான வடிவத்தை விட்டு அதிகம் விலகுவதில்லை.

பொது இடங்கள்

கலைக்கூடங்களுக்கு வெளியே மரபுச் சிற்பமும் தொடர்கிறது. பத்துமலையில் 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையைத் தமிழகச் சிற்பிகள் கான்கிரீட்டில் எழுப்பினர். பிரிக்பீல்ட்ஸ் 2010-இல் 'லிட்டில் இந்தியா'வாக அறிவிக்கப்பட்டது. இந்திய அரசின் அன்பளிப்பான தோரண வாயில் 2015-இல் அங்கே திறக்கப்பட்டது. இவை சமூகத்தின் இருப்பைப் பெருமையோடு அறிவிப்பவை. நிர்மலாவும் அனுரேந்திராவும் அந்த இருப்பின் விலையையும் முரணையும் கேள்விக்குள்ளாக்கினர். இவ்வட்டாரத் தெற்காசியக் காட்சிக் கலையின் வரலாறு இவ்விரு ஓட்டங்களையும் சேர்த்தே அமைந்தது.